பின்னறையில் பச்சை விளக்கு

எவர்சில்வர் டம்ளர் ஒன்று கீழே விழுந்து உருண்டது.

உருளும் டம்ளருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எந்த அறை, எந்த மூலை, எதில் போய் முட்டி நின்றது என்பதையெல்லாம் கேட்கிறவனுக்கு அதுவே சொல்லிவிடும். அன்று மதியம் கேட்டது எங்கள் பின்னறைச் சத்தம். கட்டில் காலில் பட்டு, தரையில் ஓடி, குளியலறை நிலைப்படியில் முட்டி நின்றது. நான் மாடியில் என் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. சத்தம் தெளிவாகக் கேட்டது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியதில்லை. காலையில் வந்த உங்கள் சக அதிகாரி இந்த ஒரு விஷயத்துக்காகவே தன் டீயை ஆறவிட்டுவிட்டார். பாவமாக இருந்தது.

டம்ளர் விழுந்தபோது ஏன் இறங்கி வரவில்லை என்பது உங்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் வைஃபையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. ஹால், சமையலறை, ஒரு நடை, கடைசியில் பின்னறை. மாடியில் இரண்டு அறைகள். ஹாலில் இருந்த பழைய ரவுட்டரின் சிக்னல் சமையலறை தாண்டியதும் செத்துவிடும். அதனால் நான் மெஷ் வாங்கினேன். ஒரே பெட்டிக்குப் பதில் மூன்று பெட்டிகள். மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு வீடு முழுக்க ஒரே வலையை விரிக்கும். வெள்ளையாக, உருண்டையாக இருந்ததால் என் மகள் அவற்றுக்கு முட்டை என்று பெயர் வைத்தாள். ஹால் முட்டை, மாடி முட்டை, பின் முட்டை. அவற்றின் முன்னால் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தால், “அம்மா, அப்பா அடை காக்குறாரு” என்று சமையலறைக்குக் குரல் கொடுப்பாள்.

மெஷ்ஷில் இரண்டு பெயர்களில் வைஃபை வரும். ஒன்று வீட்டாருக்கு, இன்னொன்று விருந்தாளிகளுக்கு. விருந்தாளி வைஃபையில் இருப்பவருக்கு இணையம் கிடைக்கும். வீட்டுக்குள் வேறு என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்பது மட்டும் தெரியாது. வந்தவரை ஹாலில் உட்காரவைத்து உபசரிக்கலாம், உள்ளறைக் கதவு சாத்தியே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

என் வேலையும் இதைப் போன்றதுதான். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். எங்கெங்கோ இருக்கும் கட்டடங்களில் யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினால், அது என் திரையில் சிவப்பாக மின்னும். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள் விளையாட்டாக அழுத்துவார்கள். அதனால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. முதல் மணிக்குக் காத்திரு. இரண்டாவது மணிக்கு லிஃப்டுக்குள் பேசு. அதற்கும் பதில் இல்லையென்றால் ஆளை அனுப்பு. நான் இந்த முறையை மீறியதே இல்லை. வேண்டுமானால் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கணினி மறுபடியும் நின்றுவிட்டது போலிருக்கிறது. பரவாயில்லை, காத்திருக்கிறேன். இந்த ஸ்டேஷன் கட்டடத்தில் சுவர் கனம், வைஃபை உள்ளே வராது. நீங்கள் கேட்டால் நான் பார்த்துத் தருவேன்.

என் மனைவியின் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தது நெஞ்சு அறுவை சிகிச்சை முடிந்த பிறகு. அவருக்குக் கல்யாணம், பிள்ளை என்று எதுவும் இல்லை. நீச்சல் குளம் ஒன்றில் பயிற்சியாளராக இருந்தவர். குளத்தின் இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரையில் இருக்கிற பையன் காலை நேராக்குவான், அப்படி ஒரு குரல். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அவரை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னை அவர் மாப்ளே என்பார்.

அக்காவுக்குப் பின்னறையைக் கொடுத்தோம். மருத்துவமனையில் ஒரு பட்டன் கொடுத்திருந்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்வது. கூடவே கட்டில் பக்கத்தில் வைக்க ஒரு சின்ன டப்பா. நெஞ்சில் ஏதாவது செய்தால் பட்டனை அழுத்த வேண்டும். டப்பா வைஃபை வழியாக எங்கள் மூன்று பேரின் கைபேசிக்கும் அலாரம் அனுப்பும். டப்பாவில் ஒரு விளக்கு இருக்கும். பச்சை என்றால் இணைப்பு இருக்கிறது. சிவப்பு என்றால் இல்லை. சீக்கிரம் பார்த்தால் காப்பாற்றிவிடலாம், தாமதமானால் எங்கள் கையில் இல்லை என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். எனக்கு அது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அக்காவைக் காரில் அழைத்து வந்ததே நான்தான். அவர் பயப்படவே கூடாது, பதறவே கூடாது என்று சொன்னதும் என்னிடம்தான்.

டப்பாவை விருந்தாளி வைஃபையில் இணைத்தேன். கடவுச்சொல்லைப் பார்த்து அக்கா சிரித்தார்.

“என்ன மாப்ளே, பாஸ்வேர்டுலயே என்னை விருந்தாளின்னு எழுதி வச்சிருக்க?”

“எல்லாருக்கும் அதுதான்க்கா.”

“சரி சரி. நான் போகும்போது மாத்திடு. அடுத்தவன் வந்து என் பேர்ல தங்கிடப் போறான்.”

முதல் தடவை வந்த கோளாறு உண்மையான கோளாறு. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். டப்பாவின் விளக்கு பச்சையாகும், கொஞ்ச நேரத்தில் சிவப்பாகும், மறுபடி பச்சையாகும். அன்று என் மனைவி கண்ணாடிக் கடைக்குப் போகவில்லை. அவள் அங்கே கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறவள், சும்மா லீவு போடுகிற ஆள் இல்லை. மகள் என்னைக் கூப்பிட மாடிக்கு ஓடி வந்தாள். அவள் அந்தப் படியேறி என் அறைக்கு வந்தே ரொம்ப நாளாகியிருந்தது. ஏதாவது வேண்டுமென்றால் கீழேயிருந்து மெசேஜ் அனுப்புவாள்.

“அப்பா, பெரியம்மா டப்பா செவப்பாயிடுச்சு. வாங்கப்பா.”

நான் போனேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டப்பாவை அணைத்துப் போட்டேன். வைஃபையை மறக்கச் செய்து மறுபடி சேர்த்தேன். பின் முட்டை இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது, இரும்பு சிக்னலைத் தின்னும், அதனால் அதை எடுத்து அலமாரி மேல் வைத்தேன். அப்போதும் சரியாகவில்லை. கடைசியில் கண்டுபிடித்தேன். விருந்தாளி வைஃபை வேகமான அலைவரிசை, மெதுவான அலைவரிசை இரண்டிலும் ஒரே பெயரில் போய்க்கொண்டிருந்தது. டப்பாவுக்கு மெதுவானது மட்டும்தான் தெரியும். முட்டை அதை வேகமானதன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது. வேகமானதை விருந்தாளிகளுக்கு நிறுத்தினேன். விளக்கு பச்சையாகி அப்படியே நின்றது.

மகள் எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். மனைவி டீ கொண்டு வந்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அக்கா கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார்.

“குஞ்சு பொரிச்சாச்சா மாப்ளே?”

“பொரிச்சாச்சுக்கா.”

மூன்று பேரும் கைதட்டினார்கள். தையல் வலிக்கும் என்று அக்கா மெதுவாகத் தட்டினார். ஆனால் தட்டினார். அதற்கு முன் என் வீட்டில் யாரும் எனக்குக் கைதட்டி நான் பார்த்ததில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த வீட்டில்தான் தட்டுகிறார்கள்.

அடுத்த வாரம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எல்லாம் சரியாக வேலை செய்தது.

பின்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் மாடிக்கு வரும். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை அங்கேதான் போடுவாள். மனைவி காய் நறுக்குவது, துணி மடிப்பது எல்லாமே அங்கேதான். நான் கீழே போனால் மூவரும் என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள். “ஏதாவது வேணுமா?” என்பாள் மனைவி. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கடைக்குள் வந்தவரைக் கேட்பது போலக் கேட்பாள், அவ்வளவுதான். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு மேலே வந்துவிடுவேன்.

மெஷ்ஷுக்கு ஒரு ஆப் உண்டு. அதில் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் நேராக ‘நிறுத்திவை’ என்று ஒரு பொத்தான் இருக்கும். பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும்போது அவர்கள் கைபேசிக்கு இணையத்தை நிறுத்தி வைப்பதற்காகக் கொடுத்தது. நான் என் கைபேசியை எடுத்து, விருந்தாளி ஒன்று என்ற பெயருக்கு நேரே இருந்த பொத்தானைத் தொட்டேன். அக்காவின் டப்பாவுக்கு நான் வைத்திருந்த பெயர் அது.

மகள் படியேறி ஓடி வந்தாள்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. மொத்தம் எத்தனை தடவை என்று எண்ணி வைக்கவில்லை. அடிக்கடி செய்தால் சந்தேகம் வரும் என்பதால் இடைவெளி விட்டேன். ஒவ்வொரு தடவையும் நான் முறைப்படி எல்லாவற்றையும் பார்த்தேன். அணைத்துப் போடுவது, மறந்து சேர்ப்பது, முட்டையை நகர்த்துவது, சேனல் மாற்றுவது. எதையும் பாவனையாகச் செய்யவில்லை, நிஜமாகவே செய்தேன். எல்லாம் முடிந்த பிறகு கைபேசியை ஒரு தடவை தொடுவேன். பச்சை வரும். “பொரிச்சாச்சா?” என்பார் அக்கா.

விளக்கு சிவப்பாக இருக்கும் நேரம் முழுக்க அக்கா பட்டனைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். பேச்சு மட்டும் சிரிப்பும் கேலியுமாகப் போகும். விரல் மூட்டுகள் வெளுத்திருக்கும். பச்சை வந்ததும் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளரும். நான் முழங்காலிட்டு உட்கார்ந்திருப்பதால் அது சரியாக என் கண் மட்டத்தில் இருக்கும். இத்தனை நம்பிக்கையோடு யாரும் என்னைப் பார்த்ததில்லை. மகள் பெரியம்மா அறையிலேயே பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தாள். மனைவி கடையில் நேரத்தைக் குறைத்துக்கொண்டாள். குடும்பம் நெருக்கமாகிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

ஒரு நாள் அக்கா கேட்டார்.

“மாப்ளே, பேசாம என் விசிலை எடுத்துக் கழுத்துல மாட்டிடவா? அது எந்த முட்டையையும் கேக்காது. ஒரு ஊது ஊதினா தெருவே வந்து நிக்கும்.”

மகளும், “ஆமாப்பா, செம ஐடியா” என்றாள்.

நெஞ்சில் தையல் இருக்கும்போது மூச்சைக் கட்டி ஊதினால் தையல் இழுக்கும் என்று நான் சொன்னேன். மருத்துவர் அப்படிச் சொன்னாரா என்று மனைவி கேட்டாள். சொன்னார் என்றேன். விசிலை நானே வாங்கிப் பத்திரமாக எடுத்து வைத்தேன். அக்கா அதை என் கையில் வைத்தபோது, “கொழந்த கிட்டேர்ந்து பீப்பீயைப் புடுங்குற மாதிரி புடுங்குறியே மாப்ளே” என்று சிரித்தார். மருத்துவர் விசிலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இன்னொரு நாள் என் மனைவி ஆரம்பித்தாள். அவள் கண்ணாடி பார்க்கிறவள். இது தெரிகிறதா, இதைவிட அது தெளிவா என்று ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிக் கேட்டுப் பழகியவள்.

“ஏங்க, விருந்தாளி வைஃபைலதானே தகராறு? அக்கா டப்பாவை நம்ம வைஃபையிலயே போட்டுட்டா என்ன?”

“அது பாதுகாப்பு இல்ல.”

“யாருக்கு?”

நான் விளக்கினேன். வெளியிலிருந்து வந்த கருவியை வீட்டு வைஃபையில் விட்டால் மற்றக் கருவிகளெல்லாம் அதன் கண்ணுக்குத் தெரியும். ஒன்றில் பழுது வந்தால் எல்லாவற்றுக்கும் பரவும். உண்மையில் அது சரியான காரணம். எந்த நிபுணரும் அதைத்தான் சொல்வார். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா வெளியிலிருந்து வந்தவளா?”

“கருவியைச் சொன்னேன்.”

“விடுடி” என்றார் அக்கா. “மாப்ளே ரூல்ஸ் போட்டா போட்டதுதான். நான் விருந்தாளியாவே இருந்துட்டுப் போறேன். விருந்தாளிக்குத்தான் வீட்ல கவனிப்பு ஜாஸ்தி.”

அவர் அப்படித்தான் என் பக்கம் பேசுவார். அவரை நான் வெறுத்தேனா என்று நேற்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. அந்த வீட்டில் என்னை அதிகமாகக் கூப்பிட்டவர் அவர்தான்.

பிறகுதான் சிம் டப்பா வந்தது. அதாவது, வரப்போவதாகச் செய்தி வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்.

“ஆஸ்பத்திரியில பேசிட்டேன். நாளைக்குப் புது டப்பா குடுத்தனுப்புறாங்களாம். உள்ளேயே சிம் இருக்காம். வைஃபையே வேண்டாமாம்.”

“அப்பா, உங்க முட்டைக்கெல்லாம் ரிட்டையர்மென்ட்” என்றாள் மகள்.

“கூமுட்டைன்னு சொல்லு” என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனேன்.

மறுநாள் காலை மனைவி கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மாடிப்படியில் இருந்தேன்.

“லைட்டு செவப்பானா அவரைக் கூப்பிடுக்கா. மேலதான் இருக்காரு.”

“இன்னைக்கு ஒரு நாள்தானே. சாயங்காலம் புதுசு வந்துடுது. பாவம், மாப்ளே எத்தனை தடவைதான் தரையில மண்டி போடுவான். அவன் வேலையைப் பாக்கட்டும்.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் மேஜைக்கு வந்தேன். டார்ச்சைச் சார்ஜில் போட்டேன். முட்டையை ரீசெட் செய்ய அதன் அடியில் இருக்கும் சின்னத் துளையைக் குத்துவதற்கான ஊசியை எடுத்துச் சட்டைப்பையில் குத்தி வைத்தேன். பிறகு கைபேசியில் விருந்தாளி ஒன்றை நிறுத்திவைத்தேன்.

கடைசியாக ஒரு தடவை. அதில் வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கும் கடைசி நாள் என்று ஒன்று உண்டல்லவா.

அக்கா கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை. டிவி ஓடுவது கேட்டது. குழாய் திறந்து மூடுவது கேட்டது. சிவப்பை அவர் பார்த்திருப்பார், பார்க்காமல் இருக்க முடியாது. வேண்டுமென்றே கூப்பிடாமல் இருந்தார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் கூப்பிடாமல் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்போது அது அப்படித் தோன்றவில்லை. புது டப்பா வருவதற்கு முன்பே நான் தேவையில்லாமல் போய்விட்டேன் என்றுதான் தோன்றியது.

அதன் பிறகுதான் டம்ளர் விழுந்தது.

டம்ளரைத் தொடர்ந்து கனமாக ஒரு சத்தம். என் கைபேசி அதிர்ந்தது. திரையில் ஒரு செய்தி.

‘விருந்தாளி ஒன்று இணையத்தைக் கேட்கிறது. அனுமதிக்கலாமா?’

கீழே இரண்டு பொத்தான்கள். ‘அனுமதி’, ‘இப்போது வேண்டாம்’. நிறுத்திவைத்த கருவி எதையாவது அவசரமாக அனுப்ப முயன்றால் ஆப் இப்படிக் கேட்கும். டப்பாவுக்கு அவசரமாக அனுப்ப ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அது எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் சொல்லப்போவதில்லை.

முதல் மணிக்குக் காத்திரு. நான் காத்திருந்தேன்.

ஆப் மறுபடி கேட்டது. இரண்டாவது மணிக்குப் பேச வேண்டும். ஆனால் லிஃப்டில் மாட்டியவரிடம் நாம்தான் முதலில் பேச வேண்டும், ஏனென்றால் அவருக்கு நம்மைத் தெரியாது. அக்காவுக்கு என்னைத் தெரியும். மாப்ளே என்று ஒரு வார்த்தை போதும். குளத்தைத் தாண்டிக் கேட்ட குரல் அது. ஒரு மாடி ஏறாதா. நான் படிப்பக்கம் காதை வைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தரையைக் கையால் தட்டும் சத்தம் வந்தது. வார்த்தை எதுவும் வரவில்லை.

ஆப்பின் கேள்வி திரையை மறைத்துக்கொண்டிருந்ததால் ‘இப்போது வேண்டாம்’ என்பதைத் தொட்டேன். திரும்பவும் வந்தது. திரும்பவும் தொட்டேன். பட்டனை அவர் எத்தனை தடவை அழுத்தினாரோ அத்தனை தடவையும் கேள்வி வந்தது. ஒரு தடவைகூட நான் பதில் சொல்லாமல் விடவில்லை.

என் மேஜை இழுப்பறையில் நீங்கள் எடுத்த விசில் அவருடையதுதான். அடையாளம் காட்டச் சொல்லி என் மனைவியிடம் கொண்டுபோக வேண்டாம். நானே சொல்லிவிட்டேனே.

பிறகு கேள்விகள் வருவது நின்றது. வீடு அமைதியாக இருந்தது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

அக்கா கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்தார். பட்டன் கைக்குள் இருந்தது. கண் திறந்திருந்தது. டப்பாவின் மேல் ஒரு கைக்குட்டை போட்டு மூடியிருந்தார். சிவப்பு கண்ணை உறுத்தியிருக்கும், கூப்பிடவும் மனசில்லை, அதனால் மூடி வைத்திருக்கிறார். கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்துத் தலையணை மேல் வைத்தேன்.

பிறகு நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். முழங்காலிட்டு உட்கார்ந்து டப்பாவை அணைத்துப் போட்டேன். அலமாரியிலிருந்து பின் முட்டையை இறக்கி, ஊசியால் குத்தி, அது மறுபடி உயிர் பெற்று மற்ற முட்டைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நடுவில் அக்காவின் உதடு அசைந்தது. மூச்சும் இருந்தது. அப்போதே ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறாராம். இருக்கலாம். அவருடைய துறையில் நான் தலையிடுவதில்லை. நான் அடுத்த வேலைக்குப் போனேன். விருந்தாளி வைஃபையின் சேனலை மாற்றினேன். டப்பாவை மறக்கச் செய்து மறுபடி சேர்த்தேன். எதையும் விட்டுவிடவில்லை. பாதியில் எழுந்து போனால் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு அக்காவைப் பார்த்தேன். உதடு அசைவதும் நின்றிருந்தது. பொரிச்சாச்சா என்று அவர் கேட்கும் இடம் அது. கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு கைபேசியை எடுத்து, எப்போதும்போல ஒரு தடவை தொட்டேன்.

விளக்கு பச்சையானது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அனுப்ப முடியாமல் போன அழைப்புகளை டப்பா தூக்கிப் போட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். அது அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் நேரத்தோடு சேர்த்து வைத்திருந்தது. வழி கிடைத்ததும் வரிசையாக அனுப்பியது. என் கைபேசி கையிலேயே அலற ஆரம்பித்தது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. அதே நேரத்தில் கண்ணாடிக் கடையில் என் மனைவியின் கைபேசியும், பள்ளிக்கூடப் பையில் என் மகளின் கைபேசியும் அலறியிருக்கும். நல்ல டப்பாதான். விருந்தாளி வைஃபையிலிருந்தும் அத்தனை ஒழுங்காக வேலை செய்தது.

மனைவியின் அழைப்பு அந்த அலறலுக்கு நடுவில் வந்தது. எடுத்தேன். அவள் ஓடிக்கொண்டே பேசினாள். தெருச் சத்தம் கேட்டது.

“ஏங்க, அக்கா பட்டனை அழுத்திக்கிட்டே இருக்கா. உங்களுக்கு வரலயா? எங்க இருக்கீங்க, சீக்கிரம் கீழ போய்ப் பாருங்க.”

“கீழதான் இருக்கேன், பதறாத” என்றேன். “அக்காவோட லைட்டு பச்சையாயிடுச்சு. நான் சரி பண்ணிட்டேன்.”